69-ஆவது நிமிடத்துக்குப் பின்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கடந்த சனிக்கிழமை, 2020 மார்ச் 14-ஆம் தேதி இரவு, கோவா மாநிலம் மட்காவ் நகரிலுள்ள ஃபதோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரின் இறுதிப்போட்டி நடந்தது. கொல்கத்தாவின் ஏடிகே அணி நம் சென்னையின் எஃப்சி அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அலுவலகத்திலும், தெருவிலும், பெரம்பூர் ரயில் நிலையத்து டீக்கடையிலும் என்னைப் பார்ப்பவர்கள், "என்ன சார், தோத்துட்டாங்களே, வருத்தமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் பாதி உண்மைதான்; இல்லை என்று சொன்னால் முழுப் பொய். ஒரு தோல்விக்காக இவ்வளவு வருந்தவும் அதே தோல்விக்காக இவ்வளவு பெருமைப்படவும் ஒரு மனத்தில் இடம் இருக்கிறது என்பதை நான் இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

ஃபதோர்டா மைதானம் எங்களுக்குப் புதிதன்று. 2015 டிசம்பர் 20-ஆம் தேதி இதே மைதானத்தில்தான் சென்னையின் எஃப்சி தன் முதல் கோப்பையை வென்றது. அந்த மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. வீட்டுக்குள் புகுந்த நீர் வடிந்த பிறகும் சுவரில் அதன் கறை நின்றது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரில் ஆட முடியாத அந்த அணி, இறுதிப்போட்டியில் கோவாவுக்கு எதிராக 87-ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியது. பிறகு 90-ஆவது நிமிடத்தில் எதிரணியின் கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டே ஒரு கோல் விழுந்தது. தடைபட்ட நிமிடங்களை ஈடுகட்டச் சேர்க்கும் கூடுதல் நேரத்தில் கொலம்பியாவின் மெண்டோசா இன்னொன்றை அடித்தார். 3-2. மின்சாரம் அப்போதுதான் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த எங்கள் தெருவில், யார் யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்த இரவு அது. அன்று கூடுதல் நேரத்தில் எங்களுக்குக் கொடுத்த மைதானம், கடந்த சனிக்கிழமை அதே கூடுதல் நேரத்தில் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. முதல் கோப்பை வெள்ளத்தின் மாதத்தில் வந்தது. மூன்றாவது கோப்பைக்கான ஆட்டம் நோயின் மாதத்தில் நடந்தது. இதற்கு நான் பொருள் எதுவும் கற்பிக்கவில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது என் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது.

இடையில் 2018 மார்ச்சில், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், அந்த ஊர் அணியையே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையும் கிடைத்தது. தொடக்கத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்ட பிறகு, மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி அந்த ஆட்டத்தைத் திருப்பினார். ஆக, இதுவரை ஆடிய இரண்டு இறுதிப்போட்டிகளிலும் வென்ற அணி எங்களுடையது. ஏடிகேயும் அதேபோல் இரண்டு கோப்பைகளை வைத்திருந்தது. மூன்றாவது கோப்பையை முதலில் தொடப்போவது யார் என்பதே சனிக்கிழமை ஆட்டத்தின் கேள்வியாக இருந்தது.

ஆனால் இந்த ஆண்டு அந்தக் கேள்விக்குள் நாங்கள் நுழைந்ததே நம்ப முடியாத ஒரு கதை. 2018-இல் கோப்பை வென்ற அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள் பெற்றுப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. நேரு ஸ்டேடியத்தில் கூட்டம் மெலிந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் எப்போதும் சுண்டல் பொட்டலத்தோடு வந்து அமரும் பெரியவர் ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். இந்தப் பருவம் தொடங்கியபோதும் நிலைமை மாறவில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் எங்கள் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்துடன். 90 நிமிடங்கள் வரை அதிலும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஆந்த்ரே ஷெம்ப்ரி இந்தப் பருவத்தின் முதல் கோலை அடித்தார். உடனே எதிரணி அதைச் சமன் செய்தது. அதன் பிறகும் நேரம் மிச்சமிருந்தது, நெரியுஸ் வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த, அதுவரை நான் பேசியே அறியாத ஓர் இளைஞர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வெற்றிக்குப் பிறகும் பயிற்சியாளர் ஜான் கிரிகரி நீடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் அவர் விலகினார். எங்களுக்குக் கோப்பை வென்று தந்தவர் அவர். அவர் போனதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காயில் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; இங்கிலாந்தின் பர்ன்லி அணியை 2009-இல் பிரீமியர் லீகுக்கு உயர்த்தியவர். அவர் பொறுப்பேற்றபோது ஆறு ஆட்டங்களில் எங்களிடம் இருந்தவை 5 புள்ளிகள். அவர் நடத்திய அடுத்த பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று சமன், இரண்டே தோல்வி. மொத்தம் 29 புள்ளிகளோடு நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தோம்.

அவர் என்ன மாயம் செய்தார் என்று பலர் கேட்கிறார்கள். புதிய ஆட்களைக் கூட்டி வந்து அவர் இதைச் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களைத்தான் வேறு விதமாக ஆட விட்டார். பிரேசில்காரரான ரஃபேல் கிரிவெல்லாரோ நடுக்களத்தில் இருந்துகொண்டு, எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற விடுதலையைப் பெற்றார். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தவுடனேயே ஓடத் தொடங்கவேண்டும் என்பதை வால்ஸ்கிஸும் ஷெம்ப்ரியும் பழகிக்கொண்டார்கள். மிசோரத்தின் லாலியன்ஸுவாலா சாங்தே, அதுவரை வேகமாக ஓடிவிட்டுக் கடைசி நொடியில் பந்தை வீணாக்கிக்கொண்டிருந்தவர், கோல் அடிக்கத் தொடங்கினார். டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாப்பா நடுக்களத்திலிருந்து எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் நுழையும் துணிச்சலைப் பெற்றார். பின்களத்தில் ருமேனியாவின் லூசியன் கோயன் தலைவராக நின்றார். பந்து கிடைத்தவுடன் ஐந்தாறு பேர் முன்னால் பாய்வார்கள். பந்தை இழந்தால் பின்னால் பெரிய வெற்றிடம் இருக்கும். இதுதான் காயிலின் ஆட்டம். இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. கேரளா அணியைக் கொச்சியில் 6-3 என்று வென்றதும் இப்படித்தான். அதற்கு முன் கோவாவிடம் சென்னையில் 3-4 என்று தோற்றதும் இப்படித்தான். நாங்கள் அடிக்கும் கோல்களும் எங்கள் மேல் விழும் கோல்களும் ஒரே கதவின் வழியாக வந்தன.

பிப்ரவரி 29-ஆம் தேதியை நான் தனியாகச் சொல்லவேண்டும். அரையிறுதியின் முதல் ஆட்டம், சென்னையில், கோவாவுக்கு எதிராக. லீக் பட்டியலில் 39 புள்ளிகளோடு முதலிடம் பெற்ற அணி அது. முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. என் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். ஐந்து வருடங்களாக என்னோடு மைதானத்துக்கு வருபவள். இடைவேளையில் அவள், "அப்பா, இன்னிக்கு நம்ம ஆளுங்க கண்ணு வேற மாதிரி இருக்கு" என்றாள். எங்கள் இருக்கையிலிருந்து வீரர்களின் கண் தெரியாது. ஆனால் அவள் சொன்னது நடந்தது. 54-ஆவது நிமிடத்தில் கோயன், 61-இல் தாப்பா, 77-இல் எலி சாபியா, 79-இல் சாங்தே. 25 நிமிடங்களில் நான்கு கோல்கள். கோவா ஒன்றைத் திருப்பியது, 4-1. ஆட்டம் முடிந்து பெரியமேட்டுப் பக்கம் நடந்து வரும்போது, அந்தச் சுண்டல் பெரியவரைக் கூட்டத்தில் பார்த்தேன். எப்போது திரும்பி வரத் தொடங்கினார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து விரல்களை மடக்கி நான்கு என்று காட்டினார். கூட்டத்தில் வேறு ஒன்றும் பேச முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஃபதோர்டாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். 21 நிமிடத்துக்குள் கோவா இரண்டு கோல் அடித்துவிட்டது. சாங்தேவும் வால்ஸ்கிஸும் அதைச் சமன் செய்தார்கள். ஆனால் 81, 83-ஆவது நிமிடங்களில் கோவா மேலும் இரண்டு அடித்தபோது, மொத்தக் கணக்கு 6-5 ஆகச் சுருங்கி, இன்னும் ஒரே ஒரு கோல் விழுந்தால் மொத்தக் கணக்கே சமனாகிவிடும் என்ற நிலையில் அந்தக் கடைசி நிமிடங்கள் நகர மறுத்தன. எப்படியோ தப்பினோம்.

அங்கேயே என் கலவையான உணர்வு தொடங்கிவிட்டது என்று சொல்லவேண்டும். கோவா அணி பருவம் முழுவதும் எங்களைவிட நன்றாக ஆடியது. எங்களைவிட 10 புள்ளிகள் அதிகம் பெற்றது. லீகில் முதலிடம் பிடித்ததற்காக, ஆசிய சாம்பியன்ஸ் லீகின் குழுச் சுற்றுக்குச் செல்லும் முதல் இந்திய அணி என்ற சிறப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. அது முழுக்க முழுக்கத் தகுதியால் வந்தது. நான்காவதாக வந்த நாங்கள் இரண்டு ஆட்டங்களில் அவர்களை வெளியே அனுப்பினோம். விதி அப்படி இருக்கிறது, நாங்கள் விதியை மீறவில்லை. இருந்தாலும் தங்கள் சொந்த ஊரில் நடக்கும் இறுதிப்போட்டியை வெளியே நின்று பார்க்கவேண்டிய நிலைக்கு ஆளான கோவா ரசிகர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். மகிழ்ச்சியின் நடுவே நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

எங்கள் ஸ்டாண்டில் பழகியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து இறுதிப்போட்டிக்குக் கோவா போக ஒரு வேன் பேசியிருந்தோம். பேண்டு வாத்தியக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் எங்களோடு வருவதாக இருந்தது. இதற்கென்றே தன் டிரம்முக்குப் புதுத் தோல் மாற்றி வைத்திருந்தார். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்டு ப்ளூஸ் ஆகிய ரசிகர் குழுக்களைச் சேர்ந்த பலரும் இப்படித்தான் கிளம்பத் தயாராக இருந்தார்கள். கொரோனா நோய்ப்பரவலால், பார்வையாளர் இல்லாமல் மூடிய மைதானத்தில் இறுதிப்போட்டி நடக்கும் என்ற அறிவிப்பு வியாழக்கிழமை வந்தது. அது சரியான முடிவுதான். உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய நாள்தான் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் நெருக்கி உட்கார வைக்கும் நேரம் இதுவன்று. இதைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. வேன்காரருக்குப் போன் செய்து சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவரும் நீலச் சட்டை வாங்கி வைத்திருந்தாராம்.

அந்தத் தம்பி டிரம்மை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "எங்கயாவது ஒரு இடத்துல அடிச்சாகணும் சார்" என்றார். அவர், என் மனைவி, மகள், நான், மாடி வீட்டுக்காரர் என்று ஐந்து பேராக இரவு ஏழரை மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்தோம்.

கூட்டம் இல்லாத கால்பந்தை நான் அதுவரை இவ்வளவு பெரிய ஆட்டத்தில் பார்த்ததில்லை. திரையில் முதலில் தெரிந்தது வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். ஆட்டம் தொடங்கியதும் காதில் விழுந்த ஒலிகள் எல்லாம் புதியவை. பந்தைக் காலால் உதைக்கும்போது எழும் 'தப்' என்ற சத்தம், புல்லில் பூட்ஸ் உரசும் சத்தம், கோல்கீப்பர் விஷால் கைத் பின்களத்தினரை நோக்கிக் கத்துவது, பயிற்சியாளர்கள் கோட்டருகே நின்று கூவுவது, எல்லாம் கேட்டன. வழக்கமாகப் பத்தாயிரம் தொண்டைகளுக்கு அடியில் புதைந்து கிடப்பவை இவை. எங்கள் தெருச் சிறுவர்கள் கார்ப்பரேஷன் மைதானத்தில் காலையில் ஆடும்போது கேட்கும் அதே ஒலிகள். ஒரு கணம் எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. மறுகணம், இந்த ஆட்டத்துக்காகப் பருவம் முழுவதும் உழைத்தவர்கள் தங்கள் பெயரை யாரும் கூவாத ஓர் இடத்தில் ஆடுகிறார்களே என்று மனம் கனத்தது. தம்பி டிரம்மை ஒருமுறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். சுவர்களுக்குள் அது பொருந்தவில்லை.

தொடக்கத்தில் நாங்கள்தான் பாய்ந்தோம். ஆரம்ப நிமிடங்களிலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் என்று இந்த ஐந்து நாளில் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. 10-ஆவது நிமிடத்தில் ஃபிஜி நாட்டுக்காரரான ராய் கிருஷ்ணா அனுப்பிய பந்தை, தரையில் விழவிடாமல் ஹாவி ஹெர்னாண்டஸ் அடித்தார். ஏடிகே 1-0. எதிரணிக்காரர் என்றாலும் அந்த அடியைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை. முதல் பாதி முடியும் முன்பே கிருஷ்ணா காயத்தால் வெளியேறினார். அவர்களுடைய கூரிய ஆயுதமே போய்விட்டது, இனி நமக்குத்தான் என்று நினைத்தோம். 48-ஆவது நிமிடத்தில் எடு கார்சியா இரண்டாவது கோலை அடித்தார்.

அதற்குப் பிறகு ஏடிகேயின் கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யாதான் ஆட்டத்தின் நாயகன் என்பேன். எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். 69-ஆவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றை உள்ளே அனுப்பினார். இந்தத் தொடரில் அவருடைய 15-ஆவது கோல் அது. அதே எண்ணிக்கையில் மேலும் இருவர் இருந்தபோதும், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது அவருக்குக் கிடைத்தது.

அந்தக் கோல் விழுந்ததிலிருந்து 93-ஆவது நிமிடம் வரை, ஏறத்தாழ இருபத்து நான்கு நிமிடங்கள். நான் பேச வந்ததெல்லாம் இந்த நிமிடங்களைப் பற்றித்தான் என்றுகூடச் சொல்லலாம். 2-1 என்ற கணக்கில், எதிரே கொல்கத்தாவின் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் தன் ஆட்களைப் பெட்டியைச் சுற்றி வேலி போல நிறுத்திவிட்டார். எங்கள் அணி அந்த வேலியின் ஒவ்வொரு படலையும் தட்டிப் பார்த்தது. இடப்பக்கம் ஜெர்ரி ஏறினார். வலப்பக்கம் ஏற இன்னொருவர் வந்தார். கிரிவெல்லாரோ நின்று, பார்த்து, மீண்டும் திருப்பி அனுப்பினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தம்பி தன்னையறியாமல் டிரம்மைத் தட்டத் தொடங்கிவிட்டார், சுவரைப் பற்றிய கவலையெல்லாம் போய்விட்டது. என் மனைவிக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவளும் தொலைக்காட்சியை நோக்கி, "அடிங்கப்பா, அடிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பருவத் தொடக்கத்தில் நான்கு ஆட்டங்களுக்கு ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டு நடந்த அதே ஆட்கள்தான், இறுதிப்போட்டியில் பின்தங்கிய நிலையிலும் ஒரு நொடிகூடப் பயந்து ஆடவில்லை. இந்த அணி தோற்கும் என்று அந்த இருபத்து நான்கு நிமிடங்களில் நான் நினைக்கவே இல்லை. 93-ஆவது நிமிடத்தில் எல்லோரும் முன்னால் போயிருந்தபோது, பந்தைப் பறித்து எதிர்த்தாக்குதலில் வந்த ஏடிகே, ஹெர்னாண்டஸின் காலால் மூன்றாவது கோலையும் அடித்து முடித்தது. டிரம் நின்றது.

இந்தத் தோல்விக்குக் காயிலின் ஆட்டமுறைதான் காரணம் என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹபாஸ் நெடுநாள் கணக்குப் போட்டு ஆடுபவர். 2014-இல் இந்தத் தொடரின் முதல் கோப்பையையே கொல்கத்தாவுக்கு வென்று தந்தவர். எங்கள் பின்னால் திறந்து கிடக்கும் இடத்தை அவர் அறிந்திருந்தார், அங்கேயே அடித்தார். பிப்ரவரி 16-ஆம் தேதி கொல்கத்தாவிலேயே நாங்கள் இதே ஏடிகேயை இதே 3-1 என்ற கணக்கில் வென்றிருந்தோம். அந்தத் தோல்வியிலிருந்து அவர் பாடம் படித்துக்கொண்டார். அந்த வெற்றியிலிருந்து நாம் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது பாதியின் தொடக்கத்தில், ஒரு கோல்தான் பின்தங்கியிருந்த நேரத்தில், நடுக்களத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தி இருபது நிமிடங்கள் பொறுமையாக ஆடியிருக்கலாம் என்றுதான் நானும் கருதுகிறேன். கிருஷ்ணா இல்லாத ஏடிகேயை அவசரப்படாமல் சோதித்திருக்கலாம். அதை ரசிகன் என்ற முறையில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லவேண்டும். பொறுமையாக ஆடும் அணியாக இருந்திருந்தால் நாங்கள் அந்த மைதானத்துக்கே வந்திருக்க மாட்டோம். டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்தபோது, ஒரு புள்ளி இரண்டு புள்ளி என்று சேர்த்துக் கௌரவமாக ஏழாவது இடத்தில் முடித்துக்கொள்ள யாராலும் முடிந்திருக்கும். ஒருவர் வந்து, பயப்படாதீர்கள், முன்னால் போங்கள் என்றார், போனார்கள். அந்த வழியில் கிடைத்த ஏழு வெற்றிகளையும் பிப்ரவரி 29-ஆம் தேதி இரவையும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டுவிட்டு, அதே வழியில் விழுந்த மூன்றாவது கோலுக்கு மட்டும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை இரவு படுக்கையில் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, என் உணர்வைக் கலக்கிய இன்னொரு காரணமும் உண்டு. வென்ற அணியின் இடப்பக்கத்தில் நாள் முழுதும் ஓடத் தெம்புள்ளவராக இருந்தவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். அந்தக் கரையோர ஊர்களை நீங்கள் போய்ப் பார்த்திருந்தால் தெரியும். தூத்தூரிலிருந்து தொடங்கி ஊருக்கு ஊர் மணலில் கோல் கம்பங்கள் நிற்கும். கடலுக்குப் போய்வந்தவர்கள் மாலையில் பந்தோடு இறங்குவார்கள். அந்த மணலிலிருந்து வந்த பையன், சென்னை சிட்டி என்ற வேறோர் அணிக்கு ஆடி, ஜாம்ஷெட்பூருக்குப் போய், கொல்கத்தாவுக்குப் போய், இன்று நாட்டின் பெரிய தொடரின் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் பக்கம் நடுக்களத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால். சென்ற ஆண்டு கோவையைத் தாயகமாகக் கொண்டு, நாட்டின் இன்னொரு கால்பந்துத் தொடரான ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தவர். ஒரு காலத்தில் சூசைராஜும் எட்வினும் ஒரே சீருடை அணிந்தவர்கள். சென்னையின் எஃப்சி சூசைராஜை ஏன் தன் பக்கம் கொண்டுவரவில்லை என்ற ஆற்றாமை எனக்கு எப்போதும் உண்டு. வியாசர்பாடியை மினி பிரேசில் என்கிறோம். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 கோப்பையில் பங்கு பெற்றவர்; அதே பகுதியின் நந்தகுமார் இந்த ஆண்டு ஒடிசாவுக்கு ஆடினார். நம் மண்ணின் பிள்ளைகள் பல ஊர்களின் சட்டையில் ஆடுகிறார்கள். அது அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நம் நீலச் சட்டையில் அவர்களை இன்னும் அதிகமாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை நான் மறைக்கப்போவதில்லை. பதக்கம் வாங்க சூசைராஜ் வந்தபோது நான் கை தட்டினேன். என் மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் தட்டினாள்.

ஏடிகேயும் இந்தப் பெயரில் ஆடிய கடைசி ஆட்டம் இதுதான். அடுத்த பருவத்தில் அது கொல்கத்தாவின் இன்னோர் அணியான மோகன் பகானோடு இணைகிறது. எங்கள் அணியும் இதே முகங்களோடு திரும்பி வருமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிநாட்டு வீரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கு. கோடையில் யார் எங்கே போவார்கள் என்று சொல்ல இயலாது. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, கோயன் ஆகியோர் சேர்ந்து நின்ற ஒரு படம் பிப்ரவரி 29 அன்று என் மகளின் கைப்பேசியில் எடுக்கப்பட்டது. கொஞ்சம் தொலைவிலிருந்து எடுத்தது, முகம் தெளிவாக இல்லை. சட்டை எண்களைக் கொண்டுதான் யார் யார் என்று சொல்லமுடியும். அவர்களை நேரில் நின்று பார்த்து, எழுந்து நின்று வழியனுப்பும் வாய்ப்பு எங்களுக்கு ஃபதோர்டாவில் கிடைத்திருக்கவேண்டும். தோற்றாலும் அங்கே இருந்திருக்கவேண்டும் என்பதுதான் என் ஆழமான வருத்தம். தோற்ற அணி தலை குனிந்து மைதானத்தைச் சுற்றி வரும்போது, ரசிகன் எழுந்து நின்று கைதட்டுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் இரு தரப்புக்கும் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும். சனிக்கிழமை அது யாருக்கும் இறங்கவில்லை; எங்களிடமும் அப்படியே இருக்கிறது, அவர்களிடமும் இருக்கும்.

டிரம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பழைய வேட்டி ஒன்றால் மூடி அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். ஊர் நிலைமை சரியான பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார்.

என் மகள் அந்த ஆட்டத்தைத் தன் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள், திங்கட்கிழமையும் பார்த்தாள், நேற்று இரவும் பார்த்தாள். 69-ஆவது நிமிடத்தில் தொடங்குகிறாள். வால்ஸ்கிஸ் அடிக்கிறார், 2-1 ஆகிறது, ஜெர்ரி ஓடுகிறார், கிரிவெல்லாரோ தலையை நிமிர்த்துகிறார். தொண்ணூறாவது நிமிடம் வந்ததும் நிறுத்திவிடுகிறாள். மீதியையும் பார் என்று நானும் சொல்வதில்லை.

வணக்கம்.